கணக்குக் கேட்பவரும் கணக்குக் காட்டுபவரும்

2005 ஜூலை 26ஆம் நாள் காலை முதல் மறுநாள் காலை வரை மும்பையில் பெய்த மழைக்கு இரண்டு எண்கள் உண்டு. சாந்தாகுரூஸ் வானிலை நிலையம் 944 மில்லிமீட்டர் என்று பதிவு செய்தது. கொலாபா நிலையத்தின் பதிவு 73 மில்லிமீட்டர். நகரமும் ஒன்று, நாளும் ஒன்று. இரண்டு நிலையங்களுக்கும் நடுவில், சாந்தாகுரூஸுக்குச் சற்று நெருக்கமாக அமைந்துள்ளது சயான். மித்தி ஆறு கரைமீறி, ரயில் தண்டவாளங்கள் நீரில் மறைந்து, சயானும் மாதுங்காவும் தாராவியும் மூழ்கிக் கிடந்த அந்த நாளின் மழையை இவ்விரு எண்களில் எதுவும் சொல்வதில்லை. கொலாபா எண்ணை மட்டும் வைத்திருந்த ஒருவர், அன்று மும்பையில் சாதாரண மழைக்காலத் தூறல் என்றே முடிவு செய்திருக்கலாம். அதன் பிறகே நகரின் பல இடங்களில் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டன.

மானியை எங்கே வைப்பது, யார் வைப்பது, அது காட்டும் எண்ணை யாரிடம் ஒப்படைப்பது என்ற இம்மூன்று கேள்விகளே பன்னாட்டுக் காலநிலை ஒத்துழைப்பில் ‘வெளிப்படைத்தன்மை’ என்று இன்று வழங்கும் துறையின் வரலாறு. இத்துறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதனை ஒரு நிருவாகத் தொழில்நுட்பமாகவே காண்கின்றனர். அட்டவணைகள், வழிகாட்டு நெறிகள், கால அட்டவணை என்று பேசி முடித்துவிடுகின்றனர். மொழியியல் படித்தவர் எவரும் அந்த ஆவணங்களைக் கையில் எடுத்தால், அங்கே நடந்தது வேறொன்று என்பதை விரைவில் உணர்வார். ஒரு பெயரடையை எங்கே நிறுத்துவது, ஒரு துணைவினை எந்த எழுவாய்க்கு உரியது என்பன பற்றிய முப்பதாண்டு வழக்கு அது. தமிழில் நாம் ‘கணக்குக் காட்டுவது’, ‘கணக்குக் கேட்பது’ என்று இரண்டு வினைகளைத் தனித்தனியே வைத்திருக்கிறோம். காட்டுபவர் ஒருவர், கேட்பவர் மற்றொருவர், கேட்பவர் சற்று உயரத்தில் இருப்பவர் என்பது சொல்லாமலே விளங்கும். அந்த உயர வேறுபாடுதான் வழக்கின் மையம்.

மும்பையிலிருந்தே தொடங்கலாம். 2022 மார்ச் மாதம் பிருஹன்மும்பை மாநகராட்சி தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வு என்ற இலக்கும் அதில் அறிவிக்கப்பட்டது. கிளாஸ்கோவில் 2021இல் இந்திய அரசு அறிவித்த 2070ஐவிட இது இருபதாண்டு முந்தியது. திட்டத்தின் அடித்தளம் ஓர் உமிழ்வுக் கணக்கெடுப்பு. 2019ஆம் ஆண்டில் நகரின் மொத்த உமிழ்வு ஏறத்தாழ 2.34 கோடி டன், கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான அளவில். பெரும்பங்கு கட்டடங்கள் பயன்படுத்தும் மின்சாரமும் எரிபொருளும். அடுத்தது போக்குவரத்து. எஞ்சியது கழிவு. கணக்குக்கும் திட்டத்துக்கும் துணைநின்றவை இரண்டு: மாநகரங்களின் பன்னாட்டு வலையமைப்பான சி40, மற்றொன்று உலக வளங்கள் நிறுவனத்தின் இந்தியக் கிளை.

இரண்டாவது பெயரைக் கண்டதும் சிலருக்குப் புருவம் உயரக்கூடும். உயர வேண்டும். ஏனெனில், இந்தியா காலநிலைக் கணக்குகளை ஐயத்தோடு நோக்கத் தொடங்கியதே வாஷிங்டனில் உள்ள அந்த நிறுவனத்தின் ஓர் அட்டவணையிலிருந்துதான்.

1990இல் உலக வளங்கள் நிறுவனம் தன் ‘உலக வளங்கள் 1990-91’ தொகுதியில் நாடுகளை உமிழ்வு வரிசைப்படி நிறுத்தியது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரேசில், சீனா, அதன்பின் ஐந்தாவதாக இந்தியா. பேச்சுவார்த்தைகள் இன்னும் தொடங்காத காலம் அது. உடன்படிக்கை இல்லை, அறிக்கை அளிக்கும் கடமை இல்லை. ஆயினும் யாரும் கேட்காமலே இந்தியாவின் கணக்கை வேறொருவர் எழுதி முடித்துவிட்டார்.

1991இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ‘சமமற்ற உலகில் புவி வெப்பமாதல்’ என்ற சிறுநூலில் அதற்கு மறுப்பு எழுதினர். துணைத்தலைப்பிலேயே இதைச் சுற்றுச்சூழல் காலனியம் என்று குறிப்பிட்டனர். அவர்களுடைய வாதத்தின் கூர்மை கோபத்தில் இல்லை, கணக்கில் இருந்தது. நாடுகள் வெளியிடும் வாயுக்களில் ஒரு பகுதியைக் கடலும் காடும் மண்ணும் உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த உறிஞ்சும் திறனை நாடுகளிடையே எப்படிப் பங்கிடுவது? உலக வளங்கள் நிறுவனம் அதனை ஒவ்வொரு நாட்டின் உமிழ்வு விகிதத்துக்கேற்பப் பங்கிட்டது. அதிகம் உமிழ்பவருக்கு உறிஞ்சுதலிலும் அதிகப் பங்கு. கடலும் வளிமண்டலமும் மனிதர் அனைவருக்கும் பொது என்றால், மக்கள்தொகைப்படியல்லவா பங்கிட வேண்டும் என்று கேட்டனர் இருவரும். அப்படிப் பங்கிட்டால் இந்தியா தனக்குரிய பங்கைத் தாண்டவே இல்லை என்று காட்டினர். தரவு மாறவில்லை. வகுத்தலின் கீழ் எண் மட்டும் மாறியது. நெல்வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் எழும் மீத்தேனையும், சொகுசுக் காரின் புகையையும் ஒரே பத்தியில் எழுதலாமா என்ற வினாவும் அந்நூலின் வழியாகவே பொதுவிவாதத்துக்கு வந்தது. ‘பிழைப்பு உமிழ்வு’, ‘சொகுசு உமிழ்வு’ என்ற வேறுபாடு இன்றும் வழக்கில் உள்ளது.

அந்த நெல்வயல் மீத்தேன் கதை தனியே சொல்லத்தக்கது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.78 கோடி டன் மீத்தேனை வெளியிட்டன. இந்த எண் இந்திய வயல்களில் எடுத்த அளவீடு அன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த, பருவம் முழுவதும் நீர் நிற்கும் வயல்களில் கிடைத்த விகிதத்தை இந்தியாவின் நெற்பரப்பால் பெருக்கிய எண். இயற்பியலாளர் ஆஷேஷ் பிரசாத் மித்ராவின் தலைமையில், தேசிய இயற்பியல் ஆய்வகத்தை மையமாகக் கொண்டு 1991இல் நாடு தழுவிய மீத்தேன் அளவீட்டு இயக்கம் நடந்தது. பல மாநிலங்களின் வயல்களில் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, வாயுவைச் சேகரித்து, அளந்தனர். முடிவு ஏறத்தாழ 40 லட்சம் டன். முன்பு சொல்லப்பட்டதில் ஒன்பதில் ஒரு பங்கு.

இந்த வேறுபாட்டில் மாயம் ஏதும் இல்லை. நீர் தேங்கிய மண்ணில் காற்று புகாதபோதுதான் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இந்திய வயல்களில் பெரும்பகுதி மழையை நம்பியவை. இடையிடையே காய்பவை. மண்ணில் கரிமச் சத்தும் குறைவு. காவிரிப் படுகை உழவருக்குக் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்ற தொடர் புதிதன்று. வயலை மாறிமாறிக் காயவிட்டு நீர்பாய்ச்சும் முறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அந்த ஒரு தொடரைப் புரிந்துகொண்ட எவரும் கலிபோர்னியா வயலின் எண்ணைத் தஞ்சாவூருக்குப் பொருத்தியிருக்க மாட்டார். 2004இல் இந்தியா தன் முதல் அதிகாரப்பூர்வக் கணக்கை அளித்தபோது, 1994ஆம் ஆண்டுக்கான நெல் மீத்தேன் ஏறத்தாழ 41 லட்சம் டன் என்றே பதிவானது. மித்ரா குழுவின் எண் நிலைத்தது.

இதிலிருந்து இருவகைப் பாடம் எடுத்துக்கொள்ளலாம். அன்றைய தில்லி எடுத்துக்கொண்டது: ‘நம் கணக்கை நாமே எழுதாவிட்டால், பிறர் எழுதுவார், எழுதினால் நமக்கு எதிராகவே எழுதுவார்.’ சரியான பாடம். எனினும் அரைப்பாடம். மற்ற பாதிக்குப் பிறகு வருகிறேன்.

1992 மே மாதம் நியூயார்க்கில் ஏற்கப்பட்டு, ஜூனில் ரியோவில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. காலநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பே அறிக்கையிடலின் மூலவித்து. உறுப்பின் தலைப்பில் ‘அறிக்கை’ என்ற சொல் இல்லை. தகவலைத் ‘தெரிவித்தல்’ என்றே உள்ளது. நாடுகள் அளித்த ஆவணங்களுக்கும் ‘தேசியத் தெரிவிப்பு’ என்பதே பெயராயிற்று. தெரிவிப்பது சமமானவரிடையே நிகழ்வது. அறிக்கை அளிப்பது மேலிருப்பவருக்கு. ஒவ்வொரு நாடும் தன் திறன் அனுமதிக்கும் அளவுக்குக் கணக்கெடுக்கும் என்றது வாசகம். வளர்ந்த நாடுகள் ஆறு மாதத்தில் தெரிவிக்க வேண்டும். வளரும் நாடுகளுக்கு மூன்றாண்டு, அதுவும் நிதி கிடைத்த நாளிலிருந்து. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்குத் தம் விருப்பம்போல. வளரும் நாடுகள் கணக்கெடுக்க ஆகும் செலவை, ஒப்புக்கொள்ளப்பட்ட முழுச் செலவையும், வளர்ந்த நாடுகள் ஏற்கும் என்று 4ஆம் உறுப்பு சொன்னது. எளிய தமிழில் சொன்னால்: கணக்குக் கேட்பவரே கணக்கப்பிள்ளைக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

இந்த அமைப்பில் காலதாமதம் உள்ளமைந்தே இருந்தது. இந்தியா 1993 நவம்பரில் உடன்படிக்கையை உறுதி செய்தது. வளரும் நாடுகள் பின்பற்ற வேண்டிய திருத்திய வழிகாட்டு நெறிகள் 2002இல் புது தில்லியில் கூடிய எட்டாவது மாநாட்டிலேயே ஏற்கப்பட்டன. முதல் தேசியத் தெரிவிப்பு 2004இல் சென்றது. அதில் இருந்த எண்கள் பத்தாண்டுப் பழமையானவை: 1994இல் 122.8 கோடி டன், அதில் ஆற்றல் துறை 61 விழுக்காடு. இரண்டாவது தெரிவிப்பு 2012இல், 2000ஆம் ஆண்டுக் கணக்குடன். சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய கணக்கை வைத்துக்கொண்டு எந்த நாடாளுமன்றம் எந்த அமைச்சரைக் கேள்வி கேட்கும்?

இனி வழக்கின் இதயத்துக்கு வருகிறேன்: பாலி, 2007 டிசம்பர் 15.

மாநாடு முதல்நாளே முடிந்திருக்க வேண்டும். இரவு முழுதும் இழுத்துச் சனிக்கிழமை காலை ஆகிவிட்டது. மேசையில் இருந்த வரைவின் ஒரு தொடரைத் தமிழாக்கினால் ஏறக்குறைய இப்படி வரும்: வளரும் நாடுகளின், அளவிடத்தக்க, அறிக்கையிடத்தக்க, சரிபார்க்கத்தக்க தணிப்புச் செயல்கள், தொழில்நுட்பம், நிதி, திறன் வளர்ப்பு ஆகியவற்றால் ஆதரிக்கப்படுபவை. மூன்று பெயரடைகளும் ‘செயல்’ என்ற பெயரின் தலைமேல் நிற்கின்றன. அதாவது, வளரும் நாடு செய்வதை அளக்கலாம், சரிபார்க்கலாம். அதற்கு ஆதரவாக வரும் பணத்தை யாரும் அளக்க வேண்டியதில்லை.

இந்தியா கேட்டது ஓர் இடமாற்றம் மட்டுமே. அந்த மூன்று சொற்களையும் முன்னிருந்து எடுத்து, ‘அளவிடத்தக்க, அறிக்கையிடத்தக்க, சரிபார்க்கத்தக்க முறையில்’ என்று வாக்கியத்தின் இறுதியில் வைக்க வேண்டும். ஆங்கிலத் தொடரமைப்பில் இறுதியில் நிற்கும் இத்தகைய துணைவினைத்தொடர் முன்வந்த எல்லாவற்றையும் தழுவ முடியும்: செயலையும், அச்செயலுக்கான ஆதரவையும். ஒரு சொல்லும் கூடவில்லை என்றே சொல்லலாம். பொருள் மட்டும் இருதரப்புக்கும் உரியதாகிவிடுகிறது. நீ என் செயலை அளக்கலாம். நான் உன் பணத்தை அளப்பேன்.

இந்தியக் குழுவை வழிநடத்திய கபில் சிபல் இதற்காகவே பேசினார். அமெரிக்கக் குழுவின் தலைவர் பாலா டோப்ரியான்ஸ்கி ஏற்க மறுத்தபோது அரங்கில் எதிர்ப்புக்குரல் எழுந்தது. பப்புவா நியூகினியின் கெவின் கான்ராட் எழுந்து, தலைமை தாங்க விருப்பமில்லையெனில் வழியையாவது விடுங்கள் என்ற பொருளில் அமெரிக்காவை நோக்கிச் சொன்ன சொற்கள் புகழ்பெற்றவை. சிறிது நேரத்தில் அமெரிக்கா இணங்கியது. உடன்படிக்கைச் செயலகத்தின் தலைவர் இவோ டி போயர் அன்று கண்கலங்கி மேடையிலிருந்து இறங்கிச் சென்றதும் செய்தியாயிற்று. ஒரு துணைவினைத்தொடர் வாக்கியத்தில் இடம்மாறியதற்காக இவ்வளவும் நடந்தது என்பதை என் துறை மாணவர்களுக்குச் சொன்னால், அவர்கள் முதலில் நம்புவதில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. அந்த வாசகத்தை அதன் இருபொருள் கெடாமல் தமிழில் பெயர்க்க முடியுமா என்று நீண்ட நேரம் முயன்று பார்த்தேன். முடியவில்லை. தமிழில் அடை எப்போதும் முன்னே வரும். தான் தழுவும் சொல்லுக்கு அருகே நிற்கும். ‘சரிபார்க்கத்தக்க முறையில் ஆதரிக்கப்படும் செயல்கள்’ என்றால் பணம் மட்டும் அளக்கப்படும். ‘சரிபார்க்கத்தக்க முறையில் செய்யப்படும் செயல்கள்’ என்றால் செயல் மட்டும். இரண்டையும் சொல்ல வேண்டுமானால், வெளிப்படையாக இருமுறை சொல்லத்தான் வேண்டும். தமிழ் உரைநடை இந்த இராஜதந்திரத்துக்கு இடம் தராது. ஆனால் தமிழ்ச் செய்யுள் தரும். நன்னூலார் சொல்லதிகாரத்தின் பொதுவியலில் வகுத்துள்ள எட்டுப் பொருள்கோள்களுள் ஒன்று அளைமறிபாப்பு. வளைக்குள் நுழையும் பாம்பு உடலை மறித்துத் தலையை மேலே கொண்டுவருவதுபோல, செய்யுளின் இறுதியில் நின்ற சொல் திரும்பி இடையிலும் முதலிலும் சென்று பொருள் கொள்வது. பாலியில் இந்தியா கேட்டது இதைத்தான். இறுதியில் நின்ற சொல் இடையிலிருந்த ஆதரவையும் முதலிலிருந்த செயலையும் ஒருசேரச் சென்று தொட வேண்டும். பவணந்தி முனிவர் இருந்திருந்தால் அந்த அரங்கில் யாரும் எதையும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

விளையாட்டாகத் தோன்றினாலும், இதில் ஒரு கசப்பும் உண்டு. அளைமறிபாப்பு பாடுபவரும் கேட்பவரும் ஒரே மரபை ஒப்புக்கொண்டால்தான் வேலை செய்யும். பாலிக்குப் பிந்தைய ஈராண்டுகளும் அந்தத் தொடரின் ஆட்சி எல்லை எதுவரை என்ற வாதம் ஓயவில்லை. பாம்பு தலை திரும்பியதா இல்லையா என்பதில் இருதரப்புக்கும் இருவேறு வாசிப்பு.

2009 டிசம்பரில் கோபன்ஹேகனில், சீனா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கத் தலைவர்கள் கூடியிருந்த அறைக்குள் அமெரிக்க அதிபர் ஒபாமா நுழைந்தபோது எஞ்சியிருந்த சிக்கல்களுள் முதன்மையானது இதுவே. வெளிநாட்டு நிதியின்றி வளரும் நாடுகள் தாமே மேற்கொள்ளும் செயல்களைப் பிறர் ‘சரிபார்க்கலாமா’? சரிபார்ப்பு என்ற சொல்லை விலக்கி, ‘பன்னாட்டுக் கலந்தாய்வும் பகுப்பாய்வும்’ என்ற புதுத்தொடர் பிறந்தது. தேசிய இறையாண்மை மதிக்கப்படும் என்ற வாலும் ஒட்டப்பட்டது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் திரும்பியதும் மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் கடும் கேள்விகளை எழுப்பின. கலந்தாய்வு என்ற பெயரில் மேற்பார்வையை ஒப்புக்கொண்டுவிட்டீர்களா என்பதே அவற்றின் சாரம். 2010இல் கான்குனில் அந்தத் தொடருக்கு நடைமுறை வடிவம் கிடைத்தது. அதை வடிவமைத்ததில் ரமேஷுக்குப் பெரும்பங்கு உண்டு. ஈராண்டுக்கு ஒருமுறை ‘புதுப்பிப்பு அறிக்கை’ அளிப்பது, வல்லுநர் அதைப் பகுப்பாய்வது, பிற நாடுகள் கேள்வி கேட்பது, ஊடுருவாமலும் தண்டிக்காமலும் இறையாண்மையை மதித்தும் அதைச் செய்வது. பெயரில் ‘தெரிவிப்பு’ போய் ‘அறிக்கை’ வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

ரமேஷின் காலத்தில் நிகழ்ந்த, போதிய கவனம் பெறாத செயல் ஒன்று உண்டு. 2010 மே மாதம் அவருடைய அமைச்சகம் 2007ஆம் ஆண்டுக்கான உமிழ்வுக் கணக்கை வெளியிட்டது. காடுகள் உறிஞ்சியது போக 172.8 கோடி டன். உடன்படிக்கை அதைக் கேட்கவில்லை. வெளியிலிருந்து யாரும் வற்புறுத்தவில்லை. மூன்றே ஆண்டுப் பழமை. என் பார்வையில், இந்தியக் கணக்கு முதன்முறையாக ஜெனீவாவையோ பானையோ நோக்காமல் உள்நாட்டை நோக்கிப் பேசிய தருணம் அது. அது ஒரு மரபாக வளர்ந்திருக்கலாம். ஆண்டுதோறும் வெளிவரும் வரவு செலவுத் திட்டம்போல ஆண்டுதோறும் ஓர் உமிழ்வுக் கணக்கு. வளரவில்லை.

மறுபக்கம், பணத்தின் கணக்கு என்னவாயிற்று? 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் கோபன்ஹேகனில் உறுதியளித்திருந்தன. பாரிஸ் மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, 2015இல், அவர்களுடைய பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, 2014இலேயே 6,180 கோடி டாலர் திரண்டுவிட்டதாக அறிவித்தது. இந்திய நிதி அமைச்சகம் உடனே மறுப்பு வெளியிட்டது. கடனையும் தனியார் முதலீட்டையும் வழக்கமான உதவியையும் காலநிலை நிதி என்று பெயரிட்டுக் கூட்டியிருக்கிறார்கள், இதற்கெனவே அமைந்த நிதியங்கள் வழியாக உண்மையில் கைக்கு வந்தது 220 கோடி டாலர் மட்டுமே என்றது. ஒரே பணத்துக்கு 6,180 என்று ஒரு கணக்கு, 220 என்று ஒரு கணக்கு. சாந்தாகுரூஸ், கொலாபா நினைவுக்கு வருகின்றன. 1991இல் மீத்தேனுக்கு நடந்தது, 2015இல் டாலருக்கு நடந்தது, தரப்புகள் இடம்மாறி. முன்பு அளவை மிகைப்படுத்தியவர் குற்றம் சாட்டியவர். இப்போது மிகைப்படுத்தியவர் தன் கொடையைப் பறைசாற்றியவர். காலநிலை நிதி என்றால் என்ன என்பதற்கு எல்லாரும் ஒப்பிய இலக்கணம் இன்றுவரை இல்லை. 2024இல் பாகூவில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற புதிய இலக்கு ஏற்கப்பட்ட உடனேயே, இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா அதனைக் கண்மாயம் என்று சாடியதற்கும் பின்னணி இதுவே.

பாரிஸ் உடன்பாட்டின் 13ஆம் உறுப்பு இதையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் கொணர்ந்தது. 2018இல் கத்தோவிட்சவில் அதற்கான விதிகள் முடிவாயின. இனி எல்லா நாடுகளும் ஒரே வகை ஆவணத்தை அளிக்கும். அதன் பெயர் ‘ஈராண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கை’. ‘தெரிவிப்பு’, ‘புதுப்பிப்பு அறிக்கை’, ‘வெளிப்படைத்தன்மை அறிக்கை’ என்று பெயர்கள் நகர்ந்த பாதையே ஒரு வரலாறு. உறுப்பினுள்ளும் ஏற்றத்தாழ்வு வினைமுற்றுகளில் ஒளிந்திருக்கிறது. உமிழ்வைக் கணக்குக் காட்டுவது அனைவருக்கும் கட்டாயம். கொடுத்த பணத்தைக் கணக்குக் காட்டுவது வளர்ந்த நாடுகளுக்குக் கட்டாயம், பிற கொடையாளருக்கு எதிர்பார்ப்பு மட்டும். பெற்ற பணத்தைக் கணக்குக் காட்டுவது வளரும் நாடுகளுக்கு எதிர்பார்ப்பு. ஆங்கிலத்தில் இரு துணைவினைகள் சுமக்கும் இந்த வேறுபாட்டைப் பேச்சுத்தமிழின் ‘வேணும்’ ஒன்றாக்கி விழுங்கிவிடும். சட்டத்தமிழ்தான் ‘செய்தல் வேண்டும்’ என்று தனிவடிவம் வைத்து ஓரளவு காப்பாற்றுகிறது. அதே பாரிஸில், 4ஆம் உறுப்பின் இறுதி வரைவில் கட்டாயச் சொல் ஒன்று நுழைந்துவிட, அமெரிக்கா பதற, அதனை எழுத்துப்பிழைத் திருத்தம்போல் வாசித்து எதிர்பார்ப்புச் சொல்லாக மாற்றிய கதையும் அறிந்ததே.

இந்தியா தன் நான்காவது புதுப்பிப்பு அறிக்கையை 2024 டிசம்பர் 30 அன்று அளித்தது. 2020இல் 295.9 கோடி டன்; காடுகள் உறிஞ்சியது போன நிகர உமிழ்வு முந்தைய ஆண்டைவிட 7.93 விழுக்காடு குறைவு. கொள்ளைநோய் ஆண்டு என்பதை மறக்கலாகாது. பொருளாதாரத்தின் ஓர் அலகுக்கான உமிழ்வு 2005ஐ நோக்க 36 விழுக்காடு குறைந்துள்ளது. 1994க்கும் 2020க்கும் இடையில் கணக்கின் தரம் உயர்ந்திருக்கிறது, தாமதம் குறைந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் இல்லை.

முன்பு விட்டுவைத்த மற்றப் பாதிக்கு இப்போது வரலாம். ‘நம் கணக்கை நாமே எழுத வேண்டும்’ என்பதில் வரும் ‘நாம்’ யார்? உலக அவைகளில் இந்தியா சரியாகவே கேட்டது: யார் அளந்தது, எந்த வயலில், எதனால் வகுத்தது என்று. அந்தக் கேள்விகளை நாட்டுக்குள் கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பதற்கு மும்பைக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். சி40 நகரங்கள் பின்பற்றும் கணக்குமுறையில், நகர எல்லைக்குள் எரித்து மின்தொகுப்புக்கு அனுப்பப்படும் மின்சாரத்தின் உமிழ்வு நகரின் மொத்தத்தில் சேர்வதில்லை. பயன்படுத்துபவர் பெயரில்தான் அது பதிவாகும். இருமுறை எண்ணாதிருக்கச் செய்த ஏற்பாடு, கணக்கியலாகப் பழுதில்லை. ஆனால் டிராம்பே அனல்மின் நிலையப் புகைபோக்கியைச் செம்பூரிலிருந்து அன்றாடம் பார்ப்பவர், அந்தப் புகையைத் தம் நகரக் கணக்கின் மொத்தத்தில் தேடினால் அங்கே காணமாட்டார். நகரம் முழுவதும் எரியும் விளக்குகளில் அது கரைந்திருக்கும்.

தாராவியில் இது தலைகீழாக நிகழும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல்பதனிடப் புறப்பட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உட்படப் பல்லாயிரம் பேர் அங்கே பதின்மூன்றாம் காம்பவுண்டிலும் சுற்றிலும் பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் காகிதத்தையும் தரம்பிரிக்கிறார்கள், கழுவுகிறார்கள், உருக்குகிறார்கள். பழைய பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு வாளி உருவாகும்போது, எங்கோ ஓர் ஆலையில் பெட்ரோலியத்திலிருந்து புதுப் பிளாஸ்டிக் செய்யும் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது. இந்தக் குறைவை நகரக் கணக்கெடுப்பு வரவு வைப்பதில்லை. தவிர்க்கப்பட்ட உமிழ்வு எந்த நகரக் கணக்கிலும் கழிக்கப்படுவதில்லை என்பது விதி. அதே பட்டறையின் அரைவை இயந்திரம் இழுக்கும் மின்சாரம் மட்டும் பற்றுப் பத்தியில் ஏறிவிடும். அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் வாஷிங்டன் அட்டவணையிடம் கேட்ட கேள்வியின் வடிவம் இதுவே, அளவு மட்டும் சிறியது.

இங்கே யாரும் சூழ்ச்சி செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 2022 திட்டத்தில் உழைத்தவர்கள் பன்னாட்டு முறையை நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறார்கள். கணக்கு பொதுவெளியில் இருப்பதாலேயே இதை எழுத முடிகிறது. தேசிய அறிக்கைகளும், அவற்றின்மீது வல்லுநர்கள் எழுதிய பகுப்பாய்வுகளும் உடன்படிக்கைச் செயலகத்தின் தளத்தில் யாவரும் எடுத்துக்கொள்ளும்படி உள்ளன. சூழலியலும் பொருளியலும் பயிலும் மாணவர்கள் அவற்றின் அட்டவணைகளைப் படிக்கிறார்கள். தமிழும் மொழியியலும் பயிலும் மாணவர்கள் அட்டவணைக்கு மேலும் கீழும் உள்ள வாக்கியங்களைப் படிக்கத் தொடங்கினால் நன்று. பாலித் தொடரில் எது எதைத் தழுவுகிறது என்று மரவரைபடம் போட்டுப் பார்க்க ஒரு பிற்பகல் போதும்.

உடன்படிக்கையின் ஆறு அலுவல் மொழிகளில் இந்திய மொழி எதுவும் இல்லை. இந்தியா தன் அறிக்கைகளை ஆங்கிலத்தில் அளிக்கிறது. பதின்மூன்றாம் காம்பவுண்டில் மூட்டை பிரிப்பவர் தன் உழைப்பு எந்தப் பத்தியில் ஏறியது, எந்தப் பத்தியில் ஏறவில்லை என்று கேட்க விரும்பினால், 12ஆம் உறுப்பிலோ 13ஆம் உறுப்பிலோ அவருக்கென ஒரு வினைமுற்று இல்லை.